முதலில் மடையோரம் உட்கார்

அன்புள்ள தம்பிக்கு,

நீ கொடுத்துவிட்டுப்போன பென்டிரைவில் இருந்த படங்களை எல்லாம் பார்த்து முடித்தேன். கூடவே ஒரு துண்டுச்சீட்டில் இரண்டு கேள்வி எழுதி வைத்திருந்தாய். 150–600 லென்ஸைத் தவணையில் வாங்கிவிடலாமா? முண்டந்துறைக் காட்டுக்குள் போய்ப் படம் எடுக்க யாரைப் பார்க்க வேண்டும்? இரண்டுக்கும் என் பதில், இப்போது வேண்டாம் என்பதுதான். காரணத்தை நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் யாருக்காவது போன் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். புதிதாகக் கேமரா வாங்கிய பிள்ளைகள் பலரும் இதே இரண்டைத்தான் கேட்கிறார்கள், ஆகையால் பத்திரிகையிலேயே போடச் சொல்லிவிட்டேன். உன் பேரைப் போடவில்லை.

உன் படங்களில் பாதிக்கு மேல் பறவையின் முதுகும் வாலும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பிலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கிறது அல்லவா, அதைப் பார்த்தாலே கதை விளங்கிவிடுகிறது. 6:41க்கு நாரை தூரத்தில் புள்ளியாக நிற்கிறது. 6:42க்குக் கொஞ்சம் பெரிதாக, கழுத்தை நெட்டுக்குத்தாக நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. 6:43க்குப் பறந்துகொண்டிருக்கிறது. பைக்கை நிறுத்தினாய், நேரே அதைப் பார்த்து நடந்தாய், அது கிளம்பியது, நீ அமுக்கினாய். அடுத்த பறவைக்கும் இதே கதை. அந்த இடத்தில் 600 எம்எம் லென்ஸ் இருந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இன்னும் பெரிய வால்.

உன்னிடம் இருக்கிற 70–300 இப்போதைக்குப் போதும். உன் கேமராவில் உள்ள சிறிய சென்சாரில் 300 என்பது ஏறக்குறைய 450 மாதிரிதான் காட்டும். தூரம் ஒரு பிரச்சினைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தூரத்தைக் காசு கொடுத்துக் குறைப்பதற்கு முன்னால் உட்கார்ந்து குறைத்துப் பார்.

எங்கே உட்காருவது? உன் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய குளம் எதுவோ, அங்கே. டவுனுக்குள்ளேயே நயினார்குளம் இருக்கிறது. பறவை அதிகம் என்பதற்காக அறுபது கிலோமீட்டர் போகாதே. போகிற நேரத்தில் வெளிச்சம் போய்விடும், போன களைப்பில் ஏதாவது எடுத்தே ஆக வேண்டும் என்ற வேகம் வந்துவிடும். பக்கத்துக் குளம் என்றால் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினாலும் மனசு கேட்டுக்கொள்ளும், நாளைக்கும் போகலாம்.

குளத்திலும் ஆற்றிலும் மனிதர்கள் புழங்குகிற இடமாகப் பார்த்து உட்கார். வெளியூர்ப் படக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், ஆள் நடமாட்டம் இல்லாத மூலையைத் தேடிப் போவார்கள். ஆளே வராத இடத்தில் இருக்கும் பறவைக்கு ஆள் என்றாலே கலவரம். தாமிரபரணியில் ஜனங்கள் துணி துவைக்கிற படித்துறையைப் பார், நீர்க்காகம் படிக்கு நேர் எதிரே முங்கி எழும்பும், வாலாட்டி சோப்பு நுரைக்குப் பக்கத்தில் ஓடும். அதே பறவைகள் ஆளில்லாத கரையில் உன்னை நூறடிக்கு முன்னாலேயே பார்த்துவிட்டு எழும்பிவிடும். பிசான நெல்லுக்குத் தொளி அடிக்கிற ஐப்பசி நாட்களில் வயல் பக்கம் போ. டிராக்டர் சகதியைப் புரட்டப் புரட்டக் கொக்குகளும் உண்ணிக்கொக்குகளும் சக்கரத்தை ஒட்டி ஓடிவரும், கையை நீட்டினால் எட்டிவிடும் போலிருக்கும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். “அண்ணாச்சி, வரப்புல உக்காந்து கொக்கு படம் எடுத்துக்கிடட்டுமா?” என்றால் மாட்டேன் என்று சொல்கிறவரை நான் பார்த்ததில்லை. நாற்றங்காலை மிதித்துவிடாதே, அவ்வளவுதான்.

குளத்தில் உட்கார வேண்டிய இடம் மடை. மடையிலிருந்து தண்ணீர் ஒழுகி விழுகிற இடத்தில் மீன்குஞ்சு கூடும், மீன்குஞ்சு கூடுகிற இடத்துக்கு மடையான் வந்தே தீரும். நம் ஊரில் குருட்டுக்கொக்கு என்று சொல்லித் தள்ளிவிடுகிற அதே பறவை. உன் பென்டிரைவில் அதற்கு ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதுவும் தவறுதலாக எடுத்தது போல. என்னைக் கேட்டால் படமெடுக்கக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நாரை மாதிரி உயரத்தில் பறந்து போகாது. புலி மாதிரி வருமா வராதா என்று காக்க வைக்காது. தினமும் அதே கல்லில், அதே வேளையில் வந்து நிற்கும்.

அதைப் படம் எடுக்காமல் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, கூனிப்போய், மண்ணும் சருகும் கலந்த நிறத்தில் நிற்கும். அப்போது எடுக்கிற படம் எல்லோரிடமும் இருக்கிறது. மீன் கண்ணில் பட்டதும் உடம்பு கொஞ்சம் தாழும். கால் மடங்கும். கழுத்து மட்டும் முன்னால், மிக மெதுவாக, நீள ஆரம்பிக்கும். மூக்கின் நுனி தண்ணீரை நோக்கிச் சாயும். விரல் ஷட்டர்மேல் இருக்க வேண்டிய நேரம் இதுதான். மீனைக் கொத்திய பிறகு அமுக்கினால் தெறித்த தண்ணீர்தான் மிஞ்சும். கொத்தப்போகிறது என்று தெரிந்தவுடனே அமுக்க ஆரம்பித்தால்தான், கேமரா நொடிக்கு ஆறு படமோ எட்டுப் படமோ எடுக்கிறதே, அதில் ஒன்றில் மூக்கு தண்ணீரைத் தொடுகிற கணம் விழும்.

பறக்கப்போவதையும் அது முன்கூட்டியே சொல்லிவிடும். பெரிய பறவைகள் பெரும்பாலும் காற்றுக்கு எதிராகத்தான் எழும்பும். எழும்புவதற்குச் சற்று முன் பல தடவை எச்சம் போடும், பிறகு முன்பக்கம் குனிந்து காலை அழுத்தும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்து, காற்று உன் முதுகில் படுகிற மாதிரி உட்கார்ந்திருந்தால், பறவை உன் பக்கம் முகம் காட்டி எழும்பும். காலையில் வெயிலும் முதுகில், காற்றும் முதுகில் என்று ஒரே இடத்தில் அமைவது எப்போதாவதுதான். அப்படி அமைகிற கரையைக் கண்டுபிடித்துவிட்டால் யாரிடமும் சொல்லாதே. என்னிடம் சொல்லலாம்.

மடையானைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதற்காகவே அதைச் சிபாரிசு செய்கிறேன். நிற்கும்போது மண் நிறம். இறக்கையை விரித்த மறு நொடி சுண்ணாம்பு வெள்ளை. மண் நிறத்துக்குச் சரியாக வெளிச்சம் வைத்து எடுத்தால், பறக்கும்போது இறக்கை வெந்துபோய், இறகில் ஒரு கோடுகூடத் தெரியாமல் வெறும் வெள்ளைத் தாளாக விழும். உன் கொக்குப் படங்கள் எல்லாமே இப்படித்தான் வெந்திருக்கின்றன. கேமராவைக் குறை சொல்ல முடியாது. சுற்றிலும் கருந்தண்ணீர் இருந்தால் மொத்தக் காட்சியும் இருட்டு என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டும், நடுவில் நிற்கிற வெள்ளைக்கொக்கு பலியாகிவிடும். கருந்தண்ணீரில் வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து வை. வெளிறிய வானத்தின் எதிரே பறவை பறந்தால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டு, இல்லாவிட்டால் வயிற்றுப்பக்கம் கரியாகிவிடும்.

அதைவிட நல்ல வழி, வெயில் நிலையாக அடிக்கும்போது எல்லாவற்றையும் கையால் வைத்துவிடுவது. எட்டு மணி வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400, அபெர்ச்சர் எஃப் 8, ஷட்டர் 1/1600 என்று தொடங்கு. வெள்ளைப் பறவைக்கு 1/2500. பறவை பனைமரத்துக்கு முன்னால் போனாலும் வானத்துக்கு வந்தாலும் அதன்மேல் விழுகிற வெயில் அதே வெயில்தானே, அளவு மாற வேண்டியதில்லை. ஒன்றிரண்டு எடுத்துவிட்டுத் திரையில் வெந்த இடம் மினுமினுக்கிறதா என்று பார்த்துக்கொள், அந்த வசதி உன் கேமராவில் இருக்கிறது. மேகம் வந்து வந்து போகிற நாளில் இந்த வித்தை பலிக்காது, அன்றைக்கு ஆட்டோ ஐஎஸ்ஓவுக்குப் போய்விடு. ரா கோப்பாக எடு. ஜேபெக்கில் வெந்தது வெந்ததுதான், ராவில் ஓரளவு மீட்கலாம்.

ஷட்டர் ஸ்பீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நிற்கிற பறவைக்கு 1/500 போதும், பறக்கிற பறவைக்கு 1/2000க்குக் கீழே இறங்காதே. லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருக்கிறது என்று 1/125இல் எடுத்திருக்கிறாய். அது உன் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், பறவையின் தலை திரும்புவதைத் தடுக்காது. ஐஎஸ்ஓ ஏறினால் புள்ளி விழுமே என்று பயப்படுகிறாய் போலிருக்கிறது. புள்ளி விழுந்த படத்தை வீட்டில் சரி செய்ய மென்பொருள் இருக்கிறது, ஆடிப்போன படத்துக்கு ஒன்றும் கிடையாது.

அடுத்தது உயரம். உன் படங்களில் எல்லாப் பறவையையும் குளத்துக் கரைமேல் நின்று கீழே பார்த்து எடுத்திருக்கிறாய். பின்னால் தெரிவதெல்லாம் சேறு, ஆகாயத்தாமரை, யாரோ வீசிய குளிர்பான பாட்டில். கரையிலிருந்து இறங்கு. சாக்கை விரித்துக் குப்புறப் படு. லென்ஸ் பறவையின் கண் உயரத்துக்கு வந்தால் அதற்குப் பின்னால் இருப்பது நூறு இருநூறு அடி தள்ளிப்போய்விடும், தன்னாலேயே கலங்கிப் பச்சையும் நீலமுமாகக் கரைந்துவிடும். எஃப் 2.8 லென்ஸ்காரனிடம் இருப்பது போன்ற பின்புலம் உன் எஃப் 5.6 லென்ஸிலும் கிடைக்கும். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, உள்ளே அரிசி போட்டு லென்ஸுக்குத் தலையணையாக வை. ட்ரைபாட் கடையில் கேட்கிற விலைக்கு இது எவ்வளவோ மேல். படுப்பதற்கு முன் குச்சியால் நாலு தட்டுத் தட்டிப் பார். மடையோரம் தண்ணிப்பாம்பு மட்டும்தான் இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிட்டே போக வேண்டியிருந்தால் நேராகப் போகாதே. பறவையைப் பார்க்காத மாதிரி கோணலாக நட. அது மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் நீயும் நின்றுவிடு, உட்கார்ந்துவிடு. மறுபடி மேய ஆரம்பித்தால் இன்னும் நாலடி போகலாம். ஆரம்பிக்கவில்லை என்றால் அன்றைக்கு உனக்கு அந்தத் தூரம்தான்.

வெளிச்சத்தைப் பற்றி வெளிநாட்டு யூடியூப்காரர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஐரோப்பாவின் வடபாதியில் குளிர்காலத்தில் சூரியன் நாளெல்லாம் தாழ்வாகவே ஊர்ந்து போகும், மதியம்கூட மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும். திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து 9 டிகிரிகூடத் தள்ளி இல்லை. நமக்குச் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. விடிந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மஞ்சள் வடிந்து, கண்ணுக்குக் கீழே நிழல் விழ ஆரம்பித்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் இன்னொரு தொல்லை, கானல். குளம் வற்றிய தரையும் வரப்பும் சூடேறினால் மேலே காற்று நெளியும், அந்த நெளிவுக்குள் ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி நிற்கிற பறவையை எந்த லென்ஸாலும் கூர்மையாக எடுக்க முடியாது. லென்ஸ் நீளமாக ஆக நெளிவும் பெரிதாகத் தெரியும். நீ ‘போக்கஸ் சரியில்லை, லென்ஸ் பழுதோ?’ என்று குறித்து வைத்திருந்த கூழைக்கடாப் படங்கள் 11:20க்கு எடுத்தவை. லென்ஸில் ஒரு பழுதும் இல்லை. அந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கலாம்.

கருப்புப் பறவைக்கு வேறு பாடு. கரிச்சானைக் கம்பிமேல் எடுத்திருக்கிறாய், இரட்டைவால் அழகாக இருக்கிறது, ஆனால் கண் எங்கே? கருப்பு முகத்தில் கருங்கண், அதில் ஒரு பொட்டு வெளிச்சம் விழவில்லை என்றால் பறவை உயிரோடு இருப்பதாகவே தெரியாது. வெயில் உன் முதுகுப்பக்கம் இருந்து, கரிச்சான் தலையைச் சற்றே உன் பக்கம் திருப்பும்போதுதான் அந்தப் பொட்டு விழும். அதுவரை காத்திரு. கரிச்சானும் பஞ்சுருட்டானும் பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்துவிட்டுப் பெரும்பாலும் அதே கம்பிக்கு, அதே குச்சிக்குத் திரும்பும். பாய்கிற பறவையைத் துரத்தாமல் குச்சிமேலேயே கேமராவை வைத்திரு. பஞ்சுருட்டான் தேனீயோடு திரும்பி வந்து, அதைக் குச்சியில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை நீக்குவதை எடுக்க இதுதான் வழி.

இனி அந்த மீன்கொத்திப் படம். அதைப் பற்றித்தான் நீ ரொம்பக் கேட்க ஆசைப்படுவாய். மொத்தப் பென்டிரைவிலும் கூர்மையான படம் அதுதான். வெண்மார்பு மீன்கொத்தி, வாயில் குறுக்காக ஒரு மீன், பின்னால் துப்புரவான பச்சை. போட்டிக்கு அனுப்பலாமா என்று குறிப்பு வேறு.

அந்த வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். முதல் படம் 7:12. கடைசிப் படம் 7:31. பத்தொன்பது நிமிடம் அந்தப் பறவை அதே மீனை வாயில் வைத்துக்கொண்டு அதே கிளையில் உட்கார்ந்திருக்கிறது. தனக்கென்றால் கிளையில் நாலு அடி அடித்து விழுங்கி முடித்திருக்கும். நடுவில் மூன்று படங்களில் வாயைத் திறந்து கத்துகிறது, மீனை விடாமலே. உனக்குப் பின்னால் அல்லது பக்கத்தில் இருந்த மண்சரிவில் ஒரு பொந்து இருந்திருக்கும், தம்பி. உள்ளே குஞ்சு. நீ வழியில் உட்கார்ந்திருந்ததால் அது போகவில்லை. உனக்கு அது தெரியாது என்று நம்புகிறேன். இனிமேல் தெரிந்துகொள். மீனை மூக்கில் பிடித்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருக்கிற மீன்கொத்தியைக் கண்டால் கேமராவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட வேண்டும். படம் நன்றாக இருக்கிறது. நான் அதை விரும்பவில்லை. போட்டிக்கும் அனுப்பாதே, கூட்டருகே எடுத்த படங்களைப் பல போட்டிகள் இப்போது வாங்குவதும் இல்லை.

கூட்டருகே பறவையைக் கலைத்தால் என்ன ஆகும் என்று கூந்தன்குளத்துக்காரர்களிடம் கேட்டுப் பார். அங்கே சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள், வீட்டு வாசல் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சமும் மீன் நாற்றமும் கூரையெல்லாம் வழியும், ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். 1994இல் சரணாலயம் ஆனது, 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே காவல் அந்த ஊர்தான். மறைந்த பால்பாண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்துப்போய் மீன் ஊட்டி வளர்த்தவர். காற்றில் விழும், மழையில் விழும். தாய்ப்பறவை திடுக்கிட்டு எழும்பும்போது தட்டுப்பட்டும் விழும். மரத்தடியில் நின்று கையைத் தட்டி நாரையைப் பறக்க வைத்துப் படமெடுப்பவன் இந்த மூன்றாவது காரணமாகிவிடுகிறான்.

செல்போனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே கணக்கில்தான் வரும். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் வந்துவிட்டது என்று பதறி வருகிற ஆறுமணிக்குருவி, உன் ஸ்பீக்கரோடு சண்டை போட்டுவிட்டு இரை தேட வேண்டிய நேரத்தை இழந்து போகும். ஆந்தைக்கு எலி கட்டுவது, பாம்பைப் பிடித்து இலைமேல் வைப்பது பற்றி நான் எழுத வேண்டியதில்லை, நீ அந்தப் பக்கம் போகிறவன் இல்லை.

இன்னொரு யோசனை, இதை உன் வயதுக்காரர்கள் கேட்பதில்லை. எல்லாப் படத்திலும் பறவையை முழுத்திரைக்கு இழுக்காதே. கூந்தன்குளத்தில் கேமராவோடு வந்த 18–55 லென்ஸைப் போட்டு, ஓட்டு வீடு, வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற அக்கா, தலைக்கு மேலே மரம் நிறைய நாரைக்கூடு, மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்து பார். அக்காவிடம் கேட்டுவிட்டு எடு. கண்ணும் இறகும் மட்டும் தெரிகிற நாரைப் படம் உலகமெங்கும் லட்சக்கணக்கில் இருக்கிறது. இது அந்தத் தெருவில் நிற்கிறவனுக்கு மட்டும்தான் கிடைக்கும். மா. கிருஷ்ணன் பெயரை நீ கேட்டிருக்க வேண்டும். 1912இல் நம் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பெரும்பாலும் கருப்பு வெள்ளையில்தான் காட்டுயிரைப் படமெடுத்தார். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டைச் சுற்றித் திரிகிற அணிலையும் காகத்தையும் பற்றி எழுதினார். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை விடவில்லை. தமிழில் அவர் எழுதியவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னிடம் இருக்கிறது. வந்தால் தருகிறேன், அட்டை போட்டுப் படி. அவர் படங்களைத் தேடிப் பார்க்கும்போது விலங்கு சட்டத்தில் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறது, அதைச் சுற்றி என்ன விட்டுவைத்திருக்கிறார் என்று மட்டும் கவனி.

ஒரு படத்தின் குறிப்பில் குப்பையைப் பற்றிக் கேட்டிருந்தாய், பின்னால் தெரிகிற பாலித்தீன் பையை மென்பொருளில் அழித்துவிடலாமா என்று. பறவைக்கு இடைஞ்சலில்லாமல் முன்கூட்டியே போய்ப் பொறுக்கிவிட முடியுமானால் பொறுக்கு, குளத்துக்கும் நல்லது. படத்தில் வந்துவிட்டால் அப்படியே விடு. வெட்டிச் சுருக்கலாம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கலாம், அதற்கு மேல் கை வைக்காதே. பெரிய போட்டிகளில் கடைசிச் சுற்றில் ரா கோப்பைக் கேட்பார்கள், அந்தக் காரணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. பவளக்கால் உள்ளான் பாலித்தீன் பைக்குப் பக்கத்தில் நின்று மேய்கிற குளம்தான் நம் குளம்.

படங்களை வைத்துக்கொள்வதில் நீ ரொம்பத் தாராளம், ஒரே கொக்கு நாற்பது முறை இருக்கிறது. ஒரு காலைக்கு ஐந்து போதும். மற்றதை ஒரு வாரம் கழித்து அழி. அன்றைக்கே அழித்தால் பாசத்தில் தப்பானதை வைத்துக்கொண்டு சரியானதை அழித்துவிடுவாய்.

முண்டந்துறைக்கு ஏன் இப்போது வேண்டாம் என்கிறேன் என்றால், அந்தக் காடு இருட்டு. களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்து 1988இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், உடனே எல்லோர் மனசிலும் புலி வந்து உட்கார்ந்துகொண்டது. சாலையில் போகிறவன் புலியைப் பார்ப்பது அபூர்வம். சிங்கவால் குரங்கு மரத்தின் உச்சியில் இருக்கும், கீழேயிருந்து வயிறுதான் தெரியும், பின்னால் வெளிறிய வானம். உன் எஃப் 5.6 லென்ஸ் நடுப்பகலிலும் ஐஎஸ்ஓ 6400 கேட்கும். காப்பகத்துக்குள் படமெடுக்க 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறை அனுமதியும் வேண்டும். வெளிச்சத்தைக் கையாளப் பழகாமல் அங்கே போனால் அனுமதி வாங்கிய அலைச்சல்தான் மிஞ்சும். விலங்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் அதற்கு முன்னால் வல்லநாடு. 1987இல் வெளிமானுக்காகவே ஏற்படுத்திய சரணாலயம், இயற்கையாக வாழும் வெளிமான்களின் தென்கோடி. திறந்த புதர்க்காடு, வெளிச்சம் தாராளம். கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு விடியற்காலையில் போ.

அதற்கும் முன்னால், தை மாதத்தில் இரண்டு வேலை இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் 2015இலிருந்து தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் பக்கத்தில் 2011இலிருந்து ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு, மணிமுத்தாறில் இருக்கிற அகத்தியமலை மக்கள் சார் இயற்கைவளக் காப்பு மையத்தினர் முன்னின்று நடத்துகிறார்கள். இரண்டிலும் போய்ச் சேர்ந்துகொள். அங்கே கேமராவைவிட பைனாகுலருக்குத்தான் வேலை. உப்புக்கொத்தியையும் உள்ளானையும் பிரித்துச் சொல்லக் கற்றுத்தர ஆள் இருப்பார்கள். எந்தக் குளத்தின் எந்த மூலையில் எது மேய்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். படக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கூந்தன்குளத்தில் அந்தச் சமயம் வரித்தலை வாத்து வந்திருக்கும். இமயத்தைத் தாண்டி வருகிற பறவை, ஆள் நிற்கிற கரைக்கு வராது, பகலில் பெரும்பாலும் தண்ணீருக்கு நடுவிலேயே கூட்டமாக மிதக்கும். படித்துறை வித்தையெல்லாம் அதனிடம் செல்லாது, உட்கார்ந்து பார்த்தும் பலன் இல்லை. அங்கேதான் உனக்கு 600 உண்மையாகவே தேவைப்படும். அங்கே போகிற ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள். ஏறக்குறைய இரண்டு கிலோ கனம், பழைய ஜீன்ஸ் பையையும் கொண்டு போ. ஆறரைக்குள் அங்கே இருக்கிற மாதிரி கிளம்பு. வாடகைக்குத் தருகிறவர் முன்பணமும் ஆதார் நகலும் கேட்பார். எடுப்பதற்கு முன் கடையிலேயே உன் கேமராவில் மாட்டி, தெருவில் இருக்கிற ஒரு பெயர்ப்பலகையை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடு, போக்கஸ் முன்னே பின்னே போகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அன்புடன்,
அண்ணாச்சி